எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கருக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை வாட் ஆம்ப் வேண்டும்?" என்றுதான். தவறு அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இந்த ஸ்பீக்கரில் காந்தமோ சுருளோ கிடையாது. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் படலம் விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். அதில் சில ஆயிரம் வோல்ட் ஏறியிருக்கும். ஆம்ப் பக்கமிருந்து பார்த்தால் இது ஒரு பெரிய மின்தேக்கி, அவ்வளவுதான். அதிர்வெண் ஏற ஏற மின்தேக்கியின் இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கும் மின்தடை) இறங்கிக்கொண்டே போகும்; அது இறங்க இறங்க ஆம்ப் அதிகக் கரண்ட் தர வேண்டும். 1957-இல் வந்த குவாட் இஎஸ்எல் என்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில், பாஸ் (தாழ்ந்த ஸ்தாயி) பகுதியில் 30 ஓம் அளவில் இருப்பது உச்ச ஸ்தாயியில் 2 ஓம் பக்கம் வந்துவிடும். மார்ட்டின்லோகன் நிறுவனத்தின் மாடல்கள் சிலவற்றில் 20 கிலோஹெர்ட்ஸில் 1 ஓமுக்கும் கீழே போகும். ஆனால் பின்பக்கத் தகட்டில் 4 ஓம் என்றுதான் எழுதியிருக்கும். அதை மட்டும் நம்பி ஆம்ப் வாங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

அப்படி வாங்கிய ஆம்ப் மெதுவான பாட்டில் ஒழுங்காகப் பாடும். சிம்பல் பலமாக விழுந்ததும் பாதுகாப்பு ரிலே 'டக்' என்று விழுந்து சத்தம் நின்றுவிடும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 2 ஓமிலும், மின்தேக்கிச் சுமையிலும் இந்த ஆம்ப் அலைபாயாமல் நிற்குமா? பவர் போதவில்லை என்று இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்வது, அதாவது சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது, இன்னும் மோசம். பிரிட்ஜில் ஒவ்வொரு பாதிக்கும் இம்பீடன்ஸ் பாதியாகத்தான் தெரியும். 1 ஓம் அரை ஓம் ஆகிவிடும்.

வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரைப் பின்பக்கத்து 8 ஓம் டேப்பில் (இணைப்பு முனையில்) போட்டுவிட்டு, "மேல் ஸ்தாயி மங்குகிறதே" என்று வருந்துவார்கள். 4 ஓம் டேப்புக்கு மாற்றிக் கேளுங்கள். ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் குறையும், மங்கலும் பெருமளவு விலகும். கிளாஸ் டி (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி இயங்கும்) ஆம்ப் என்றால், தன் வெளியீட்டைத் தானே சரிபார்த்துத் திருத்தும் ஃபீட்பேக்கை வெளியீட்டு ஃபில்டருக்குப் பிறகு எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னாலேயே எடுக்கும் பழைய வடிவமைப்புகளில் ஸ்பீக்கரைப் பொறுத்து உச்ச ஸ்தாயி கூடும், குறையும்.

வாட் பற்றிப் பேச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய குவாட் இஎஸ்எல் உச்சமாக 33 வோல்ட்தான் தாங்கும். 8 ஓமுக்கு 100 வாட் தரும் ஆம்ப் 40 வோல்ட் வரை தள்ளிவிடும். மீறினால் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பொறி பறக்கும், படலத்தில் ஓட்டை விழும். அந்த ஸ்பீக்கருக்கு அதிக வாட் என்பதே ஆபத்து.

இதனால்தான் டிஜிட்டல் பக்கத்தில் எனக்குப் பயம் அதிகம். டிஏசியை (டிஜிட்டல் கோப்பை மின்சிக்னலாக மாற்றும் கருவியை) நேராக பவர் ஆம்பில் செருகி, வால்யூமை மென்பொருளில் வைத்துக்கொள்வது இப்போது சகஜம். ஒரு நாள் பிளேயர் மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு பாட்டைத் தட்டினேன். வால்யூம் 100-க்குப் போயிருந்தது. வலது பேனலில் 'டிக், டிக்' என்ற சத்தம், துணிக்குப் பின்னால் நீலமாக ஒரு மினுக்கு. ஓடிப்போய் ஆம்பை அணைப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இப்போது நடுவில் கையால் திருகும் வால்யூம் இல்லாமல் எதையும் இணைப்பதில்லை. வழக்கமான டிஏசி 2 வோல்ட் தருகிறது. பழைய ஆம்ப்கள் பலவற்றுக்கு முழு பவர் தர அரை வோல்ட்டே போதும். அந்த 12 டெசிபெல் வித்தியாசத்தை ஒரு அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு கருவி) வைத்துக் குறைப்பது நல்லது.

பலர் கவனிக்காத இன்னொன்று, காதுக்குக் கேட்காத சத்தம். டிஎஸ்டி (ஒரு வகை உயர்தர டிஜிட்டல் ஒலி வடிவம்) கோப்புகளில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். ஃபில்டர் இல்லாத என்ஓஎஸ் (ஓவர்சாம்பிளிங் செய்யாத) டிஏசியில், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் உள்ள 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் நிழல் 24.1-இல் வந்து நிற்கும். சாதாரண ஸ்பீக்கரில் இது பெரிதாகத் தெரியாது. இங்கேயோ இம்பீடன்ஸ் அடிமட்டத்தில் இருக்கும் இடமே அதுதான். ஆம்ப் வீணாகக் கரண்டைக் கொட்டிச் சூடாகும். செங்குத்தாக வெட்டும் ஃபில்டரை டிஏசியில் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், பாஸ். பேனல் முன்னும் பின்னும் எதிர்க்கட்டத்தில் (ஒரு பக்கம் காற்றைத் தள்ளும்போது மறுபக்கம் இழுத்து) ஒலி எழுப்புவதால், தாழ்ந்த ஸ்தாயி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அதை டிஎஸ்பியில் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் மென்பொருள் அல்லது கருவியில்) ஏற்றி நிரப்பப் பார்ப்பவர்கள் படலத்தைத் தகட்டில் மோத வைக்கிறார்கள். முதலில் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்துக் கேளுங்கள். போதவில்லை என்றால் அந்த வேலையை ஒரு சப்வூஃபரிடம் (பாஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரிடம்) கொடுத்துவிடலாம்.