நீலகிரி மழைக்கணக்கை வைத்துப் பேரிடர் திட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கிராமப் பேரிடர் திட்டம் எழுத வரும் புதியவர்கள் மழைத் தரவைக் கையாளும் விதத்தை வருடா வருடம் பார்க்கிறேன். மில்லிமீட்டர், சென்டிமீட்டர் குழப்பத்தை யாராவது திருத்திவிடுவார்கள், அதை விடுங்கள். யார் கண்ணிலும் படாமல் திட்டத்தோடு அச்சாகிவிடுபவைதான் ஆபத்து.

மாவட்ட சராசரியை ஊருக்குப் பொருத்துவது

இது எனக்கு இன்றும் எரிச்சல் தருகிறது. நீலகிரிக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். இரண்டையும் கூட்டி வகுத்தால், மேற்குப் பக்க மழை மிக அதிகம் என்பதால், மாவட்டத்தின் உச்சம் ஜூலையில் போய் நிற்கும்.

அந்தச் சராசரியை நம்பி குன்னூருக்குக் கீழே ஒரு ஊருக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். மே மாதம் ஓடை தூர்வாரல், ஆகஸ்ட் வரை இரவு ரோந்து, செப்டம்பரில் பணம் தீர்ந்தது. அக்டோபர் தொடக்கத்தில் போய்ப் பார்த்தால், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சிறுபாலத்தின் வாய் முழுக்கக் கவாத்துக் குச்சியும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தன. "மழையே இனிமேதான தம்பி, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே" என்றார் அங்கிருந்த ஒரு அம்மா. அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

குன்னூருக்குக் கீழே மரப்பாலம் என்ற இடத்தில் மலை சரிந்தது 1993 நவம்பரில். குன்னூர் பக்கம் உள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து, சுற்றுவட்டாரத்தில் அத்தனை உயிர்கள் போனது 2009 நவம்பரில். அவலாஞ்சியில் 91 செ.மீ. பதிவானதோ 2019 ஆகஸ்டில். மூன்றும் ஒரே மாவட்டம்தான், ஆனால் கேத்திக்காரருக்கும் அவலாஞ்சிக்காரருக்கும் ஒரே நாட்காட்டியைக் கொடுத்தால் ஒருவர் ஏமாறுவது நிச்சயம். அதனால் முதலில் ஊர் எந்தச் சரிவில் இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் அதே சரிவில் உள்ள மழைமானியின் மாதவாரிக் கணக்கை எடுங்கள். கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மலைமுகட்டுக்கு அந்தப் பக்கத்து மானியை எடுக்காதீர்கள். நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து வானிலைத் துறை தரும் கட்டத் தரவும் இதற்கு உதவாது, ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 27 கி.மீ. என்பதால் இரண்டு சரிவும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும்.

காலி இடத்தைப் பூஜ்யமாக்குவது

பதிவேட்டில் வெற்றிடம் என்றால் மழை இல்லை என்று அர்த்தமில்லை. பல சமயம் பாதை துண்டாகி, அளப்பவர் மானி வரை போக முடியாத நாள் அது. பூஜ்யம் போட்டால் மிக மோசமான நாளே கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

தேதி

மழை காலை 8.30க்கு அளக்கப்படுகிறது. நேற்று இரவு கொட்டியது இன்றைய தேதியில் இருக்கும். சரிவு நடந்த நாளோடு ஒப்பிடும்போது முன்பின் நாட்களையும் சேர்த்துப் பாருங்கள், அதற்கு முந்தைய வாரத்து மழையையும் விடாதீர்கள்; ஊறிய மண் சின்ன மழைக்கே இறங்கும்.

2050 வரைபடம்

2050இல் மழை எப்படி இருக்கும் என்று காட்டும் வரைபடங்கள் காலநிலை மாதிரியிலிருந்து வருபவை. 50 கி.மீ. கட்டமுள்ள மாதிரியில் மலையடிவாரத்து மேட்டுப்பாளையமும் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் பக்கத்துப் பக்கத்து வீடு. மழை எந்தத் திசையில் மாறும் என்று அறிய எடுத்துக்கொள்ளுங்கள், தடுப்புச் சுவர் கட்டும் இடத்தை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எஸ்டேட் பதிவேடுகளைக் கேட்காமல் விடுவது

கேளுங்கள். பழைய தோட்டங்களில் தினசரி மழைக்கணக்கு இருக்கும், இஞ்ச், சென்ட் அளவில். ஒரு சென்ட் என்பது இஞ்சில் நூறில் ஒரு பங்கு, 0.254 மில்லிமீட்டர்.