எதிர்ப்பக்கம் திரும்பிய காற்றாலை

ஆரல்வாய்மொழிப் பிள்ளைகள் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தே வளர்கிறவர்கள். அதனால் சுழற்சிப் பாடத்துக்கு ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் ஒரு காற்றாலையே வரைந்தேன். ஒரு இறக்கை பலகோணம். 0 முதல் 360 டிகிரி வரை ஓடும் எண் ஸ்லைடர், அதாவது நகர்த்தினால் எண் மாறும் பட்டை, அதைச் சுழற்றும். மற்ற இரண்டுக்கும் அதே கோணத்தோடு 120, 240 டிகிரி கூட்டினேன்.

ஓடவிட்டால், ஒரு சுற்று முடிந்ததும் இறக்கைகள் எதிர்ப்பக்கம் திரும்பின. "சார், காத்து மாறிட்டா?" என்றாள் ஒருத்தி.

வாய்ப்பாட்டை இரண்டு நாள் குடைந்தேன். பிழை அங்கே இல்லை. ஸ்லைடரின் அமைப்புகளில் 'ரிப்பீட்' என்ற இடத்தில் 'ஆஸிலேட்டிங்' என்றிருந்தது, அதாவது ஊசல்போலப் போய்வருவது. அதை 'இன்கிரீஸிங்' ஆக்கினேன், அவ்வளவுதான். இப்போது எண் ஏறிக்கொண்டே போய், 360 வந்ததும் 0க்குத் தாவும். 360இலும் 0இலும் இறக்கை ஒரே இடத்தில் நிற்பதால், தாவுவது கண்ணுக்கே தெரியவில்லை. அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். ஜன்னலுக்கு வெளியே சுழல்வதைப் போலவே இருந்தது.