கோல்ஃப் டிரைவர் ஹெட்டில் எடை கூட்டுமுன்: கன பேர் விடுகிற பிழைகள்

கோல்ஃபில் தூர அடிக்குப் பாவிக்கும் மட்டையான டிரைவரின் ஹெட் (பந்தை அடிக்கும் தலைப்பகுதி) எடையில் கைவைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாற வேண்டியது என்ன? கையில் தெரிகிற பாரமா, பந்து போகிற திசையா, அதன் உயரமா? பாரம்தான் மாற வேண்டுமென்றால் எவ்வளவு கிராம் என்பது முக்கியம். திசையோ உயரமோ மாற வேண்டுமென்றால் அந்த கிராமை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் நல்ல டிரைவர்கள் பல, 'சரிவராது' என்று அலுமாரிக்குள் போகின்றன.

கொழும்பில் இது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். லண்டனிலோ டொரோண்டோவிலோ இருக்கிற சொந்தக்காரர், தான் பாவித்த டிரைவரை லீவுக்கு வரும்போது கொண்டுவந்து தருவார். அது 45.5 அங்குல நீளம். நமக்குக் கொஞ்சம் நீளமாகப் படும், ஷாஃப்டை, அதாவது மட்டையின் தண்டை, கைப்பிடியான கிரிப் பக்கத்தில் ஒரு அங்குலம் வெட்டுவோம். அடுத்த சனிக்கிழமையே முறைப்பாடு வரும்: “மச்சான், முன்னுக்கு ஹெட் இருக்கிறதே தெரியுதில்லை.”

அவர் சொல்வது உண்மைதான். மட்டையை கிரிப் முனையிலிருந்து 14 அங்குலத்தில் தாங்கி நிறுத்தினால் ஹெட் பக்கம் எவ்வளவு கீழே இழுக்கிறது என்பதைத்தான் ஸ்விங் வெயிட் என்கிறோம். சி8, சி9, டி0, டி1 என்று படிப்படியாக ஏறும் அளவு அது. ஆண்களுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் டி2, டி3 அளவில் வரும். அரை அங்குலம் குறைத்தாலே ஏறக்குறைய 3 படி இறங்கும். அப்படியென்றால் ஒரு அங்குலம் வெட்டிய டி3 டிரைவர் சி7 ஆகிவிடும். ஹெட்டில் சுமார் 2 கிராம் கூட்டினால் ஒரு படி ஏறும் என்பது பொதுக் கணக்கு. இழந்த 6 படியை முழுதாக மீட்க 10 முதல் 12 கிராம் வேண்டும். டிரைவர் ஹெட் ஒன்றின் எடையே 195 முதல் 205 கிராம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அது சின்ன அளவில்லை.

இங்கே இரண்டு பக்கமும் பிழை நடக்கிறது. ஒருவர் 2 கிராம் ஈய டேப்பை ஹெட்டில் ஒட்டிவிட்டு, “ஒரு வித்தியாசமும் இல்லை, இதெல்லாம் சும்மா கதை” என்று விட்டுவிடுவார். இன்னொருவர் கணக்குப் பார்த்து 12 கிராமையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டு, ஸ்விங் முழுக்கப் பிந்துகிறது என்று தலையைப் பிடித்துக்கொள்வார். ஹெட் பாரமாகும்போது ஷாஃப்டும் அதிகமாக வளையும். அது மெதுவாக அடிக்கிறவருக்கு உதவலாம், வேகமாக அடிக்கிறவருக்குக் கையை விட்டுப் போகலாம். 4 கிராமில் தொடங்குங்கள். அதோடு சில நாள் விளையாடுங்கள். பிறகு இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். கட்டுப்பாடு வேண்டுமென்றுதானே நீளத்தைக் குறைத்தோம். பழைய டி3 எண்ணைத் தொட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் 6 முதல் 8 கிராமிலேயே நிறையப் பேர் திருப்தியாக நின்றுவிடுகிறார்கள்.

அந்த எண்ணைத் துரத்துவதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கிரிப்பில் 5 கிராம் கூடினால் ஸ்விங் வெயிட் ஒரு படி இறங்கியதாகத் தராசு காட்டும். 50 கிராம் கிரிப்பைக் கழற்றிவிட்டு 65 கிராம் தடித்த கிரிப் போட்டவருக்கு 3 படி போய்விடும். உடனே அதை ஈடுகட்ட ஹெட்டில் 6 கிராம் ஒட்டுவார். ஆனால் ஹெட் ஒரு துளிகூடக் குறையவில்லை. முன்னே இருந்த அதே பாரம் அங்கேயேதான் இருக்கிறது, கைக்குப் பக்கத்தில் 15 கிராம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது மட்டை இரண்டு முனையிலும் பாரமாகி, பதினைந்தாவது குழிக்கு வரும்போது தோள் சொல்லத் தொடங்கும். கிரிப் மாற்றினால் முதலில் சில நாள் அப்படியே விளையாடிப் பாருங்கள். கைக்குக் குறை தெரிந்தால் மட்டும் ஹெட்டைத் தொடுங்கள்.

எடையை நிறுக்காமல் துண்டைக் கணக்குப் பண்ணுவதும் தவறு. அரை அங்குல அகலமுள்ள ஈய டேப்பில் 4 அங்குலம் வெட்டினால் சுமார் 2 கிராம் என்று சொல்வார்கள். டேப்பின் தடிப்பு கம்பனிக்குக் கம்பனி மாறும், அதனால் அந்தக் கணக்கை நம்பி ஒட்ட வேண்டாம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செட்டியார் தெருவில் நகை நிறுக்கும் தராசு அளவுக்கு நுணுக்கம் தேவையில்லை, 0.1 கிராம் காட்டினால் போதும். டேப்பை வெட்டி, பின்பக்கத் தாளை உரித்த பிறகே தராசில் வைத்து எடை பாருங்கள். தாளுக்கும் எடை உண்டு.

அடுத்தது திசை. வலது கைக்காரரின் பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது, அதாவது ஸ்லைஸ். ஷாஃப்டை ஒட்டிய ஹீல் பக்கத்தில் எடை வைத்தால் ஸ்லைஸ் குறையும், எதிர்ப்பக்க நுனியான டோவில் வைத்தால் மறுபக்க வளைவு குறையும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். தத்துவம் சரி, அளவுதான் பிரச்சினை. 200 கிராம் ஹெட்டில், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி 4 கிராம் ஒட்டினால் அந்த மையம் நகர்வது ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். ஹெட்டிலேயே நகரும் எடை உள்ள டிரைவரில் 10 கிராமை 8 சென்ரிமீற்றர் தள்ளினால் 4 மில்லிமீற்றர் நகரும். அது பந்தில் தெரியும். டேப் துண்டின் 1 மில்லிமீற்றரை வைத்துக்கொண்டு, ஹெட்டின் முகம் (பந்தில் படும் பக்கம்) வலப்பக்கம் திறந்தபடி வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிற ஸ்விங்கைத் திருத்த முடியாது. டேப் ஒட்டிய பிறகும் பந்து பக்கத்து ஃபேர்வேக்குத்தான் (குழிக்குப் போகும் புல்வெளிப் பாதை) போகும்.

அதைவிட முக்கியமானது, பந்து முகத்தில் எங்கே படுகிறது என்பது. பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவர் முகத்தில் மெல்லியதாக அடித்து, பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சில் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். அந்த வட்டங்கள் ஹீல் பக்கமே குவிந்திருந்தால், ஸ்லைஸின் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மையத்தை விட்டு விலகிப் படும்போது ஹெட் திருகும், அந்தத் திருகலில் பந்து எதிர்ப்பக்கமாகச் சுழலும். ஹீலில் பட்டால் ஸ்லைஸ் சுழற்சி, டோவில் பட்டால் அதற்கு நேரெதிர். இப்படிப்பட்டவருக்கு எடையைவிட, பந்தை வைக்கும் டீ முளைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதும் மட்டையின் நீளமும்தான் மருந்து. இந்தப் பத்துப் பந்துச் சோதனையைச் செய்யாமல் யாருக்கும் டேப் ஒட்டிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

உயரம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எடை முகத்துக்குப் பக்கத்தில் போனால் பந்து தாழ்வாக, குறைந்த பின்சுழற்சியோடு போகும். பின்னுக்குப் போனால் உயரம் கூடும், பிழையான அடியையும் ஹெட் ஓரளவு தாங்கும். நம்மைப் போல வார இறுதியில் விளையாடுகிறவர்களுக்குப் பின்பக்கமே நல்லது. தொலைக்காட்சியில் தொழில்முறை வீரர் முன்னுக்குத் தள்ளியிருக்கிறார் என்பதற்காக நாமும் தள்ள வேண்டாம், அவருடைய வேகம் வேறு.

மாற்றத்தைச் சோதிக்கிற இடத்திலும் ஏமாறலாம். கொழும்பில் எடையை மாற்றிவிட்டு, நீண்ட வார இறுதிக்கு நுவரெலியாவுக்குப் போய் அடித்துப் பார்த்து, “பாருங்கோ அண்ணை, நல்லா கூடிட்டுது” என்பவர்கள் இருக்கிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிரைக் கணக்கில் எடுத்தாலும் காற்றின் அடர்த்தி கொழும்பைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. டேப்பே ஒட்டாத டிரைவரும் அங்கே தூரம் காட்டும். கொழும்பில் மாற்றியதைக் கொழும்பிலேயே சோதியுங்கள், முடிந்தால் அதே நேரத்தில், அதே பந்தில். கொழும்பின் ரிட்ஜ்வே கோல்ஃப் திடலில் தென்மேற்குக் காற்று வீசுகிற ஜூன் பின்னேரமும் ஜனவரிக் காலையும் ஒன்றல்ல. மழைக்குப் பிறகு ஃபேர்வே நனைந்திருந்தால் பந்து உருளாது. அதற்கு டிரைவரைக் குறை சொல்லக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எடை, கிரிப், லொஃப்ட் (முகத்தின் சாய்வு) மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒட்டுகிற வேலையிலும் கவனம் வேண்டும். டேப்புக்கு உரிய இடம் அடிப்பக்கம், அதாவது சோல். முகத்தில் ஒட்டவே கூடாது. மேற்பக்கத்தில் ஒட்டினால் குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண் அங்கேதான் போகும். நம் ஊர் ஈரப்பதத்திலும், வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிச் சூட்டிலும் பசை இளகி ஓரம் எழும்பும். அதனால் அந்த இடத்தைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒட்டிய பிறகு கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள். ஈயம் நஞ்சு. சமையலறைப் பலகையில் வைத்து வெட்ட வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்ட விட வேண்டாம், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பயமாக இருந்தால் டங்ஸ்டன் டேப் கிடைக்கிறது, விலைதான் கூட.

திருகி மாற்றும் எடை உள்ள டிரைவர் என்றால், அந்த மொடலுக்குரிய எடையை மட்டும் போடுங்கள். ஒரே கம்பனியின் இரண்டு மொடல்களுக்குள்கூட ஆணியின் மரையும் நீளமும் மாறலாம். இறுக்குவதற்கு டிரைவரோடு வந்த டோர்க் ரென்ச்தான் (குறித்த இறுக்கத்தில் நின்றுவிடும் சாவி) வேண்டும். பல கம்பனிகளின் ரென்ச் 40 அங்குல-பவுண்டில் 'க்ளிக்' என்று சொல்லி நிற்கும். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம், மரை அழிந்தால் ஹெட் போனமாதிரிதான். வீட்டிலிருக்கும் சாதாரணச் சாவியால் கை உணர்வுக்கு இறுக்கினால் ஒன்றில் மரை போகும், இல்லாவிட்டால் எடை கழன்று புல்லுக்குள் விழும்.

போட்டி விளையாடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ரவுண்ட் தொடங்குமுன் எடையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். தொடங்கிய பிறகு வேண்டுமென்றே டேப்பைக் கூட்டவோ கழற்றவோ, ஆணி எடையை மாற்றவோ கோல்ஃப் விதி 4.1ஏ இடம் கொடுக்காது. மாற்றிய மட்டையால் ஒரு அடி அடித்தாலே போட்டியிலிருந்து நீக்கம். மாற்றிவிட்டு, அடிக்குமுன் பழையபடி வைத்துவிட்டால் தண்டனை இல்லை. விளையாட்டின் போக்கில் டேப் தானாகக் கழன்றால் அதே இடத்தில் திரும்ப ஒட்டலாம். போட்டிக்கு முதல்நாள் பின்னேரமே விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். எழும்பியிருந்தால் அன்றைக்கே புதிதாக எடை பார்த்து ஒட்டிவிடுங்கள்.