காட்டுக்குளத்துக்கு ஒருநாள் நடை: குறுக்கே போடும் கோடு

போன ஆகஸ்டில் கிளிநொச்சியில் நான்கு இளைஞர்கள் தங்கள் பயணத் திட்டத்தைக் காட்டினார்கள். முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக்கு அப்பால், காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு சிறு குளத்துக்குக் காலையில் நடந்து போய் மாலையில் திரும்ப வேண்டும் என்பது எண்ணம். கைபேசி வரைபடத்தில் போட்டிருந்த கோடு குளத்தின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது. 2014இல் நான் போட்டதும் அதே கோடுதான். தண்ணீர், தொப்பி, சப்பாத்து பற்றியெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் சொல்லாத பிழைகளையும் ஆபத்துகளையும் இங்கே எழுதுகிறேன்.

காய்ந்த குளத்தைக் குறுக்கே கடப்பது

இதைக் காணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வட இலங்கையின் வன்னிக் குளங்கள் மாரி மழையில் நிரம்புகின்றன. ஆகஸ்ட், செப்டெம்பரில் தண்ணீர் நடுவே ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். தண்ணீர் வற்றி வெளிப்படும் அலைகரை முழுவதும் வெளிறி, வெடித்து, கல்லுப்போல் தெரியும். செய்மதிப் படத்தில் அது வெறும் பழுப்பு நிலம். குளத்தின் அணைக்கட்டு வழியாகச் சுற்றிப் போனால் மூன்று கிலோமீற்றர், குறுக்கே போனால் ஒன்று. கோடு போடும் விரல் எந்தப் பக்கம் போகும்?

குளம் என்பது ஓர் ஓடையை மறித்துக் கட்டியது. ஒவ்வொரு மாரியும் கொண்டுவரும் வண்டல் அதன் அடியில் படிகிறது. பழைய ஓடை ஓடிய பள்ளத்திலும் கட்டின் அடிவாரத்திலும்தான் அந்தப் படிவு மிகத் தடிப்பாக இருக்கும். வெயில் மேல்தோலை மட்டுமே காயவைக்கும். தோலுக்குக் கீழே ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். கரையில் கால் வைக்கும்போது நிலம் தாங்கும். நூறு அடி போனாலும் தாங்கும். எதிரே கட்டு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்போது, இனிப் பயமில்லை என்று வேகமாக அடி வைக்கும் இடத்தில் தோல் பிளக்கும்.

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. காலையில் காட்டோரத்துக் கடைசி வீட்டில், மாட்டுப்பட்டி வைத்திருந்த ஐயா ஒருவர், "தம்பி, கட்டால் சுற்றிப் போங்கள். உள்ளே இன்னும் பசை இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். தலையாட்டிவிட்டு வந்தோம். திரும்பும்போது மூன்றரை மணி ஆகியிருந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கக் குறுக்கே இறங்கினோம். கட்டுக்கு ஐம்பது அடி இருக்கையில் நண்பன் தொடைவரை புதைந்தான். கையைப் பிடித்து நேராக மேலே இழுத்தோம். இழுத்தவர்கள் இருவரும் முழங்கால் வரை போனோம். ஒரு மணி நேரம் அங்கேயே கழிந்தது. அவனை மல்லாக்கச் சாயவைத்து, கீழே தடிகளைக் கொடுத்து, காலை மெல்ல மெல்ல ஆட்டிச் சேற்றை இளக்கிய பிறகே வெளியே எடுக்க முடிந்தது. ஒரு சப்பாத்து உள்ளேயே போய்விட்டது. கோடையில் முதலைகள் இப்படிப்பட்ட சேற்றிலும் கரை வளைகளிலும் ஒடுங்கிக் கிடக்கும் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

கட்டில் ஏறியபோது ஐந்து மணி. தண்ணீர் வற்றிய இடத்தில் முளைக்கும் இளம்புல்லுக்கு யானைகள் வரும் நேரம் அது. மின்னேரியாவில் ஆகஸ்டில் யானைகள் கூட்டமாகக் கூடுவதும் இதே புல்லுக்காகத்தான். எங்கள் பாதையை அடைத்துக்கொண்டு மூன்று நின்றன. காற்று அவற்றிடமிருந்து எங்கள் பக்கம் வீசியதால், எங்கள் வாடை எட்டாமல் பிழைத்தோம். அவை விலகும்வரை மருதமரத்தடியில் மூச்சடக்கி நின்றோம். ஆறரைக்குச் சூரியன் விழுந்தது. பிறகு அரை மணி நேரத்தில் காடு கறுத்துவிட்டது.

ஆகவே கோட்டைக் கட்டின்மேல் போடுங்கள். கட்டு உடைந்திருந்தால் அலைகரைக்கு வெளியே, மரங்கள் நிற்கும் விளிம்போடு போடுங்கள். சுற்றுவழியின் முழு நீளத்தையும் அளந்து, மணிக்கு இரண்டு கிலோமீற்றர் என்று கணக்கிடுங்கள். முட்பற்றைக்குள் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கணக்கில் பகலுக்குள் முடியாத குளம் ஒருநாள் நடைக்கு உரியதல்ல. வேறு குளத்தைத் தேடுங்கள். மாட்டுத்தடம் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். தடத்தின் ஆழத்தைக் குனிந்து பாருங்கள். எருமையின் குளம்பு ஒரு சாண் இறங்கியிருந்தால் அது உங்களுக்கான வழியல்ல.

திரும்பும் நேரம் குறிக்காதது

பகல் பன்னிரண்டு மணி. குளம் கண்ணில் படாவிட்டாலும் திரும்புங்கள்.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை

வந்த தடத்திலேயே பின்னோக்கி நடந்து வெளியேறுங்கள். போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடிகள் எல்லாம் முடிந்துவிடவில்லை. பலகை இல்லாத இடத்திலும் மண்ணில் துருத்தும் இரும்பைக் கையால் எடுக்கவோ காலால் தட்டவோ வேண்டாம்.

ஓசைப்படாமல் நடப்பது

பாலைமரம் பழுக்கும் ஜூன், ஜூலையில் பழத்துக்காகக் கரடி மரத்தடிக்கு வரும். அது யானையைப்போலத் தூரத்திலேயே நம்மை அறிந்துகொள்வதில்லை. திடீரென்று எதிர்ப்பட்டால் ஓடாது, பாயும், முகத்தைத்தான் கிழிக்கும். தேன் எடுக்கப் போகிறவர்கள் பற்றைக்குள் நுழையும்போது குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். பேசிக்கொண்டு நடங்கள்.

ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று நம்புவது

கோடையில் வன்னி ஆறுகளில் மணல்தான் ஓடும்.

கடைசி வீட்டில் சொல்லாமல் போவது

எத்தனை பேர், எந்தக் குளம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். வெளியே வந்ததும் அதே வீட்டுக்குப் போய் வந்துவிட்டோம் என்றும் சொல்லுங்கள். நேரே பஸ் பிடித்துவிடாதீர்கள். அன்று நாங்கள் காட்டைவிட்டு வெளியேறியபோது எட்டு மணி கடந்திருந்தது. அந்த ஐயா டோர்ச் லைட்டும் கத்தியுமாக ஊர்க்காரர் இருவரோடு பாதை முகப்பில் நின்றார். உள்ளே இறங்கப் புறப்பட்டிருந்தார்கள். எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். பிறகு நண்பனின் வெறுங்காலில் வெளிச்சம் பிடித்து, "குறுக்கே வந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.