வானின் பின் டயர் வரைக்கும் கரண்ட் கொண்டுபோவது

உகந்தை முருகனுக்குக் கொடியேறியிருந்த ஆடி மாதம். களுவாஞ்சிகுடியிலிருந்து உகந்தைக்கு ஹயர், அதாவது வாடகை ஓட்டம், போயிருந்தேன். வானுக்குள் பதினொரு பேர், பானை சட்டி, அரிசி மூட்டை. பாணமை தாண்டிக் கிரவல் ரோட்டில் போகும்போது பின் இடது டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்குவது தெரிந்தது. ஸ்பெயார் டயரை பொத்துவிலுக்கு முன்னாலேயே மாட்டியாயிற்று. சரி, பம்ப் இருக்கிறதுதானே என்று எடுத்தேன். அதன் சொந்த வயர் மூன்று மீற்றர். முன்னால் டாஷ்போர்டில் இருக்கும் லைட்டர் சொக்கட்டில் குத்தினால் பின் டயரை எட்டாது. அதற்கென்றே வாங்கி வைத்திருந்த ஐந்து மீற்றர் எக்ஸ்டென்சன் கோட்டை, அதாவது இடையில் போட்டு நீட்டும் வயரை, எடுத்துப் போட்டேன்.

பம்ப் ஓடியது. ஓடியது என்று சொல்லக்கூடாது, முனகியது. பத்து நிமிடம் ஆகியும் பம்பின் காற்றழுத்த மீற்றரில் முள் 18இலிருந்து 21க்குத்தான் வந்தது. பின் சீட்டிலிருந்து இறங்கி வந்த மாமா குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “மனே, இது காத்தடிக்குதா, இல்ல மூச்சு வாங்குதா?”

கடைசியில் ஜெக் அடித்து, டயரைக் கழற்றி, முன் கதவடிக்கு உருட்டிக்கொண்டு வந்து, கோட் இல்லாமல் பம்பை நேராகக் குத்தினேன். எட்டு நிமிடத்தில் டயர் நிறைந்துவிட்டது. அதே பம்ப், அதே பெற்றரி. அப்போதே குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டுப் பக்கம் 12.3 வோல்ட், கோட்டின் மறுமுனையில் 9.2. மூன்று வோல்ட் வழியிலேயே போய்விட்டது. கோட்டை வெட்டிப் பார்த்தால், வெளியே பேனாத் தடிப்பு, உள்ளே செம்பு நூல் மாதிரி. கம்பிகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீற்றரில் பதினாறு. கணக்குப் போட்டால் வெறும் 0.5 சதுர மில்லிமீற்றர். மிச்சமெல்லாம் பிளாஸ்டிக்.

வீட்டில் பாவிக்கும் கோட்டில் இந்தப் பிரச்சினை கண்ணுக்கே தெரியாது. 230 வோல்ட்டில் மூன்று வோல்ட் போனால் யாருக்குக் கவலை? வண்டியில் இருப்பதே 12. அதில் மூன்று போனால் கால்வாசி போய்விட்டது. இன்னொன்று, அதே வேலைக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய இருபது மடங்கு அம்பியர் ஓட வேண்டும். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் படுவான்கரையில் வாய்க்காலின் கடைசி வயல்காரனைக் கேட்டுப் பாருங்கள், சிறிய வாய்க்காலில் தூரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது என்னவென்று சொல்லுவான். வழியில் குடித்தது போக மிஞ்சியதுதான் அவனுக்கு. வயர் குடிக்கும் சக்தி மண்ணுக்குள் போகாது, சூடாக வெளியே வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே கோட் வாங்கினாலும் சரி, செய்தாலும் சரி, முதலில் எத்தனை அம்பியர் என்று பார்க்க வேண்டும். சாமானின் அடியில் எழுதியிருக்கும். வாட்ஸ் மட்டும் போட்டிருந்தால் 12ஆல் பிரிக்கவும். என் பம்ப் 8 அம்பியர். பெரிய பம்புகள் 10, 15 கூட எடுக்கும். போன் சார்ஜர், எல்இடி லைட் போன்றவை ஒன்று இரண்டுக்குள் முடிந்துவிடும். அவற்றுக்கு எந்தக் கோட்டும் ஓடும், இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

அடுத்தது சொக்கட் எவ்வளவு தாங்கும் என்பது. ஜப்பான் வண்டிகள் பலவற்றில் மூடியிலேயே 12 வோல்ட் 120 வாட் என்று போட்டிருக்கும். அதாவது 10 அம்பியர். சில வண்டிகளில் பியூஸ் 15ஆக இருக்கும். அதை நம்பி 15ஐ இழுக்க வேண்டாம். சிகரெட் பற்றவைக்கும் லைட்டர் பத்து அம்பியர் அளவில் இழுத்தாலும் அரை நிமிடத்துக்குள் துள்ளி வெளியே வந்துவிடும். பம்ப் பத்து நிமிடம் இழுக்கும். சொக்கட்டின் நடுவில் இருக்கும் அந்தச் சிறு முள்ளும் பக்கத்துத் தகடும் அவ்வளவு நேரம் சூடு தாங்கச் செய்தவை அல்ல. மூன்று வாய் வைத்த கோட் வாங்கினால் மூன்று மடங்கு கரண்ட் வரும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று வாய்க்கும் சேர்த்துத்தான் அந்தப் பத்து.

நீளத்தை மனதால் மதிக்காதீர்கள். நான் இரண்டாம் முறை ஒரு கயிற்றை எடுத்தேன். டாஷ்போர்டிலிருந்து சீட்டுக்கு அடியால், பக்கக் கதவால் வெளியே, பின் டயர் வரைக்கும் தளர்வாகப் பிடித்து அளந்தேன். ஐந்தரை மீற்றர் வந்தது. பம்பின் வயர் மூன்றைக் கழித்தால் இரண்டரைதான் வேண்டும். கொஞ்சம் கை விட்டு மூன்று மீற்றர். சும்மா இருக்கட்டும் என்று ஐந்து வாங்கியதுதான் நான் செய்த முதல் பிழை.

வயரின் தடிப்புக்கு நான் பாவிக்கும் கணக்கு இதுதான். கோட்டின் நீளத்தை இரண்டால் பெருக்குங்கள், ஏனென்றால் கரண்ட் போகவும் வேண்டும் வரவும் வேண்டும். அதை அம்பியரால் பெருக்கி, 0.018ஆல் பெருக்கி, சதுர மில்லிமீற்றரால் பிரிக்க வேண்டும். வருவது வழியில் இழக்கும் வோல்ட். ஐந்து மீற்றர் கோட்டில் 10 அம்பியர் ஓடினால் 0.75 வயரில் 2.4 வோல்ட் போகும், 1.5 வயரில் 1.2, 2.5 வயரில் 0.72. மூன்று மீற்றர், 8 அம்பியர், 2.5 வயர் என்றால் 0.35 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. பம்புக்கு ஒரு வோல்ட் வரைக்கும் பொறுக்கலாம்.

கடையில் சிவப்பும் கறுப்பும் ஒட்டிய இரட்டை வயர், 2.5, வளையக்கூடியது என்று கேளுங்கள். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 7/0.67 வயரும் 2.5தான். ஆனால் அது ஏழு தடித்த கம்பி, சுருட்டி விரித்து, சுருட்டி விரித்து வர உடைந்துபோகும். மெல்லிய கம்பி நிறைய உள்ளதுதான் வேண்டும். 0.25 மில்லிமீற்றர் கம்பி 50 இருந்தால் 2.5, அதே கம்பி 30 இருந்தால் 1.5. முனையைச் சீவி எண்ணிப் பார்க்கிறேன் என்றால் கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும், மாறட்டும். எண்ணும்போதே ஒரு கம்பியைப் பேனாக்கத்தியால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் நல்லது. மேலே செம்பு, சுரண்டினால் வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வோல்ட்டைத் தின்னும், முனையும் லேசில் உடையும். வெளியே வெள்ளையாக, சுரண்டினால் செம்பாக இருக்கும் வயரும் உண்டு. அது வெள்ளீயம் பூசியது. கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அதுதான் இன்னும் நல்லது.

பிளக் வாங்கும்போது திருகாணி போட்டுத் திறக்கக்கூடியதாக வாங்குங்கள். அச்சில் வார்த்ததைத் திறக்க முடியாது, உள்ளே என்ன இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். நுனியைக் கழற்றினால் உள்ளே கண்ணாடிப் பியூஸ் இருக்க வேண்டும். பக்கத்துத் தகடுகள் விரலால் அமத்தினால் துள்ளி வர வேண்டும். தகடு சோர்ந்துபோன பிளக், கிரவல் ரோட்டில் ஆடி ஆடிப் பொறி தட்டும், பொறி தட்டத் தட்டச் சூடாகும். மறுமுனைக்கு மூடியுள்ள சொக்கட்.

ஒரு சங்கடம், பல பிளக்குகளின் வாயில் 2.5 வயர் நுழையாது. கம்பிகளில் கொஞ்சத்தை வெட்டி எறிந்துவிட்டு நுழைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரிய வாய்ப் பிளக் கிடைக்காவிட்டால் 1.5 வயரை எடுத்து நீளத்தைக் குறையுங்கள்.

இனிப் பொருத்துவது. முதலில் பிளக்கின் பின்மூடியை வயரில் கோர்த்துவிடுங்கள். எல்லாம் முடித்த பிறகு மூடி மேசையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது எனக்கு இரண்டு தரம் நடந்திருக்கிறது. வயர் முனையை ஒரு சென்ரிமீற்றர் சீவி, கம்பிகளை முறுக்கிக்கொள்ளுங்கள். நடு நுனிக்கு, பியூசின் பின்பக்கம், சிவப்பு. பக்கத்துத் தகட்டுக்குக் கறுப்பு. மறுமுனையிலும் அப்படியே, நடுவுக்குச் சிவப்பு. மாறினால் பம்ப் மறுபக்கமாகச் சுற்றும், எலெக்ட்ரொனிக் சாமான் என்றால் செத்தேபோகும்.

திருகாணியின் கீழ் போகும் முனைக்கு ஈயம் உருக்கி வைக்காதீர்கள். ஈயம் மென்மையானது. அமத்த அமத்த நாளடைவில் இளகிப் பிடி தளரும், பிடி தளர்ந்த இடம் சூடாகும். ஒரு லக்கை, அதாவது வயர் முனையில் மாட்டும் உலோகக் காதை, போட்டுக் குறட்டால் இறுக நசித்து, அதைத் திருகாணிக்குக் கொடுங்கள். ஈயம் வைத்தே ஒட்டும்படி செய்த தகடு என்றால் அங்கே ஈயம் வையுங்கள், ஆனால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வயர் வளையாதபடி சூட்டில் சுருங்கும் ஸ்லீவை ஏற்றிவிடுங்கள். பிறகு பிளக்கின் உட்புறம் வயரில் ஒரு கேபிள் டையை இறுகக் கட்டி, மிச்ச வாலை வெட்டுங்கள். யாராவது காலில் இடறி இழுத்தால் அந்த முடிச்சு மூடியில் தடுக்கும், இணைப்பு கழராது.

பியூஸ் 10 அம்பியர். அது கோட்டைக் காப்பாற்றுவதற்கு, பம்பைக் காப்பாற்றுவதற்கு அல்ல. அதனால்தான் கரண்ட் வரும் பக்கத்து முனையில் இருக்க வேண்டும். எரிந்தால் இன்னொரு பத்துதான் போட வேண்டும். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் வித்தை எங்கள் பக்கத்தில் இன்னும் சாகவில்லை. பியூசுக்குப் பதிலாக எரியப்போவது சீட்டுக்கு அடியில் கிடக்கும் வயர்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். கையில் கிடைக்கிறதே என்று வீட்டு மூன்று பின் பிளக்கையும் சொக்கட்டையும் இடையில் போட்டு 12 வோல்ட் கோட் செய்வது. என் மச்சான் அப்படி ஒன்று செய்து வைத்திருந்தான். அவன் வீட்டுச் சுவர்ச் சொக்கட்டுக்கு எதிரே நின்று சொன்னேன், “இதை உன்ர மகள் அந்த ஓட்டையில குத்தினா என்ன நடக்கும், யோசிச்சியா?” அவன் ஒன்றும் பேசவில்லை. கத்தியை எடுத்துப் பிளக்கை வெட்டிவிட்டான்.

செய்து முடித்ததும் சோதனை. மல்டிமீட்டரில் முதலில் தொடர்ச்சி பாருங்கள். பிளக்கின் நுனிக்கும் மறுமுனைச் சொக்கட்டின் நடுவுக்கும் சத்தம் வர வேண்டும், நுனிக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் வரக்கூடாது. அதன் பிறகுதான் வண்டியில் குத்துவது. சும்மா குத்தி 12 காட்டுகிறதென்று சந்தோசப்படாதீர்கள், கரண்ட் ஓடாதபோது தலைமுடி அளவு வயரும் 12 காட்டும். பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். என்னுடைய மூன்று மீற்றர் கோட்டில் டாஷ்போர்டுப் பக்கம் 12.4, பம்புப் பக்கம் 11.8. கணக்கைவிடக் கால் வோல்ட் கூடப் போகிறது, அது பிளக் முனைகளில் போவது. ஐந்து நிமிடம் ஓடிய பிறகு நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நுனியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாவிட்டால் பிடி எங்கேயோ தளர்ந்திருக்கிறது.

ஓடும்போது கோட்டைச் சுருளாக வைத்திருக்காமல் விரித்துவிடுங்கள். பக்கக் கதவை அதன் மேல் இழுத்துச் சாத்தாதீர்கள். பம்படிக்கும்போது எஞ்சின் ஓடினால் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும், பம்புக்கும் உயிர் வரும். மூடிய கராஜுக்குள் மட்டும் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

லொறிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பெற்றரி தொடுத்திருந்தால் சொக்கட்டில் வருவது 24ஆக இருக்கலாம். மீட்டரை வைத்துப் பார்க்காமல் 12 வோல்ட் பம்பைக் குத்த வேண்டாம்.

பத்து அம்பியருக்கு மேல் வேண்டுமென்றால் லைட்டர் சொக்கட்டை விட்டுவிட்டுப் பெற்றரிக்கே போங்கள். முதலைக் கிளிப், தடித்த வயர், சிவப்பு வயரில் பெற்றரியிலிருந்து ஒரு அடிக்குள் பியூஸ். 12 வோல்ட்டை 230 ஆக்கும் 150 வாட் இன்வேர்ட்டர் கூட முழுதாக இழுத்தால் 14 அம்பியர் அளவில் எடுக்கும். அதைத் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் 12 வோல்ட் பக்கத்தைக் கட்டையாக வைத்து, 230 பக்கத்தை நீளமாக்குங்கள், இழப்பு தெரியாது. ஆனால் 230 என்பது 230தான். மழையிலும் ஈர மணலிலும் அது வேண்டாம்.

தயிர், மீன் வைக்கும் குளிர்ப்பெட்டிக்காரர்களும் கேட்பார்கள். ஐந்து அம்பியர் பெட்டி இடைவிடாமல் எட்டு மணித்தியாலம் ஓடினால் 40 அம்பியர் மணி போய்விடும். சாதாரணக் கார் பெற்றரியில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். கோட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு பராமரிப்பு இருக்கிறது, உப்புக் காற்று. கல்லடிக் கடற்கரையில் ஒரு மாதம் நிறுத்திய வண்டியின் சொக்கட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், பச்சை படிந்திருக்கும். வண்டித் திறப்பை (சாவியை) எடுத்து, சொக்கட்டின் பியூசையும் எடுத்துவிட்டு, மெல்லிய சேன்ட் பேப்பரைக் குச்சியில் சுற்றி நடு முள்ளையும் சுற்றுச் சுவரையும் தேய்த்தால் போதும். பியூசை எடுக்க மறந்து கம்பியை விட்டால் அங்கேயே பொறி பறக்கும். பிளக்கின் நுனியையும் தகடுகளையும் அப்படியே தேயுங்கள். நான் இதை வருடத்தில் இரண்டு தரம் செய்கிறேன், ஒன்று மாரி முடிய, மற்றது உகந்தைக்குப் போக முதல். கோட்டைத் தளர்வாகச் சுருட்டி, 10 அம்பியர் பியூஸ் இரண்டைச் சிறிய பொலித்தீன் பையில் போட்டு அதோடு கட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கொழுவிவிடுவேன்.