வயலினைக் கையால் பிடிக்காதீர்கள்

வயலின் வாங்கின முதல் வாரம் நான் செய்த காரியம், போனில் கிடைத்த வீடியோக்களைப் பார்த்து, நின்றுகொண்டு, தாடையை அழுத்தி, இடது தோளைக் காது வரை தூக்கி வைத்து இழுத்ததுதான். நாலே நாளில் கழுத்து பிடித்துக்கொண்டது. வீடியோக்கள் மேல் தப்பில்லை, அவை மேற்கத்திய இசைக்கானவை; எனக்கு வேண்டியதோ கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை. அப்புறம்தான் வாரம் ஒரு நாள் தருமபுரியிலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறி ஒரு ஆசிரியரிடம் போனேன். அவர் முதல் நாள் சொன்னதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன்.

ஏன் என்றால், நம் சங்கீதத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வழுக்குவது, இல்லாமல் ஒன்றும் இல்லை. இடது கை தந்தி மேல் ஏறி இறங்கி வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதே கை வயலினையும் தூக்கிப் பிடித்திருந்தால் எப்படி வழுக்கும்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) காலத்தில் இந்த வாத்தியம் நம் இசைக்குள் வந்தது, அதன் உடம்பை யாரும் பெரிதாக மாற்றவில்லை, தரையில் உட்கார்ந்து பிடிக்கிற விதத்தைத்தான் மாற்றிக்கொண்டார்கள். ஒரு முனையை நெஞ்சு தாங்கும், மறு முனையைக் கால் தாங்கும், கை சும்மா இருக்கும்.

சரி, உட்காருங்கள். எங்கள் பக்கம் கிரானைட் தரைக்குப் பஞ்சமில்லை, ஆனால் வெறும் கல்லில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் கணுக்கால் கெஞ்சும், அதனால் ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். சம்மணம் போட்டு, வலது பாதத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். என்னைப் போல நாற்பதை நெருங்கியவர்களுக்கு முட்டி கீழே இறங்காது. இடுப்புக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்தால் முதுகு தானாக நிமிரும்.

இப்போது வயலின் தலையில் இருக்கும் அந்தச் சுருளை வலது காலில் வைக்க வேண்டும். கணுக்கால் எலும்பின் மேலேயே வைத்தால் வலிக்கும், நழுவும். எலும்பை ஒட்டி முன்பக்கம், பாதம் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும், அங்கேதான் அது உட்கார வேண்டும். பிரடை (தந்தியை முறுக்கும் திருகு) எதுவும் காலில் இடிக்கக் கூடாது, இடித்தால் சுருதி கலைந்துகொண்டே இருக்கும். வியர்வையில் வழுக்கினால் கைக்குட்டையை நாலாக மடித்து அடியில் கொடுங்கள். மறு முனை இடது காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சில் சாய வேண்டும். தாடைக்கு இங்கே வேலையே இல்லை. கடையில் வயலினோடு சேர்த்துத் தரும் ஷோல்டர் ரெஸ்ட் (தோளில் வைக்கும் தாங்கி) பெட்டியிலேயே தூங்கட்டும். வழவழ சட்டை, வழவழ சுடிதார் வேண்டாம், பருத்தித் துணிதான் பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஒரு சோதனை. இடது கையை எடுத்துவிட்டுப் பத்து எண்ணுங்கள். வயலின் அசையாமல் இருந்தால் சரி. சரிந்தால், பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், பாதத்தை ஒரு அங்குலம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், எனக்கு எல்லா முறையும் கோளாறு அங்கேதான் இருந்தது. குழந்தைக்கு எங்கே நகர்த்தியும் சுருள் பாதத்தைத் தாண்டிப் போகிறதென்றால் வயலின் பெரிது. முக்கால், அரை அளவுகளும் கிடைக்கின்றன, வளர்ந்து சரியாகிவிடும் என்று முழு அளவை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இடது கட்டைவிரல் வயலினின் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், கிள்ளக் கூடாது. உள்ளங்கை கழுத்தில் ஒட்டக் கூடாது, முழங்கையைத் தொடையில் ஊன்றவும் கூடாது (களைப்பில் எல்லோரும் ஊன்றுகிறோம்). நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். விரல் நுனியில் ஒரே ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் தந்தியில் வழுக்குவது சுலபம், வாசிப்பவர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் அந்த விரல் வில்லின் முடியில் பட்டுவிட்டால் கதை முடிந்தது, அந்த இடத்தில் சத்தமே பிடிக்காது.

வில்தான் எனக்கு மாதக்கணக்கில் தண்ணி காட்டியது. கட்டைவிரலை வளைத்து, அதன் நுனியை வில்லின் குச்சியும், கைப்பிடிப் பக்கம் முடியைப் பிடித்திருக்கும் கருப்புக் கட்டையும் சேருகிற மூலையில் வையுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் மேலிருந்து தளர்வாகத் தொங்கட்டும். சுண்டுவிரல் வளைந்து குச்சி மேல் நுனியால் நிற்க வேண்டும், அது விறைத்து நீட்டிக்கொண்டால் மொத்தக் கையும் இறுகிவிட்டது என்று அர்த்தம். இதை வில்லில் பழகுவதற்கு முன்னால் பென்சிலில் பழகலாம், நான் தொப்பூர் கணவாய் தாண்டும் வரை பஸ்ஸில் அதைத்தான் செய்வேன், பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். முடியை முறுக்கும்போது குச்சிக்கும் முடிக்கும் நடுவில் அந்தப் பென்சில் நுழைகிற இடைவெளி போதும்.

அப்புறம் பீரோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வெறும் ஸட்ஜத்தை (‘ஸ’ ஸ்வரத்தை) இழுங்கள். வில் பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு) இணையாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். முழுக் கையையும் தோளிலிருந்து ஆட்டினால் வில் வளைந்து போகும், கரகரவென்று ரம்பம் அறுக்கிற சத்தம் வரும். பாதிக்கு மேல் முழங்கையும் மணிக்கட்டும் வேலை செய்ய வேண்டும். அழுத்தவும் வேண்டாம், வில்லுக்கு இருக்கிற எடையே ஆரம்பத்துக்குப் போதும்.

கால் மரத்தால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், அது பழகிவிடும். இடது தோளோ மணிக்கட்டோ வலித்தால் மட்டும் வாசிப்பதை அங்கேயே நிறுத்தி, கையை எடுத்துவிட்டு மறுபடி பத்து எண்ணுங்கள்.