நியூட்ரல் விழவில்லையா? கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்று பாருங்கள்

நின்ற பைக்கில் இன்ஜின் ஓடும்போது நியூட்ரல் விழாமல், முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்குமாகத் தாவிக்கொண்டே இருந்தால், பலர் உடனே கியர்பாக்ஸைச் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கிளட்சாகவே இருக்கும். கிளட்ச் லிவரை இழுத்த பிறகும் கிளட்சுக்குள் மாறி மாறி அடுக்கப்பட்ட, ஆயிலில் நனைந்த பிரிக்ஷன் பிளேட்டுகளும் ஸ்டீல் பிளேட்டுகளும் விலகாமல் உரசிக்கொண்டே சுழன்றால், கியர்பாக்ஸுக்குள் விசை போய்க்கொண்டே இருக்கும்; அந்தச் சுமை கியர்களை அழுத்திப் பிடித்திருப்பதால் அவை எளிதில் கழன்று வருவதில்லை.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபடி முதல் கியரிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். தடையின்றி விழுந்தால் கோளாறு கிளட்சில்தான். அப்போதும் முரண்டு பிடித்தால் கியர் லிவர் இணைப்பு, கியர்பாக்ஸுக்குள் கியர்களை நகர்த்தும் ஷிஃப்ட் டிரம், ஷிஃப்ட் ஃபோர்க் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

உறுதிசெய்ய, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங் வேகத்தைச் சரிசெய்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கிளட்சை இழுத்துப் பிடித்தபடி முதல் கியர் போடுங்கள். ஆயிலின் பிசுபிசுப்பால் பின்சக்கரம் லேசாகச் சுழல்வது இயல்பு. பின் பிரேக்கை மெதுவாகத் தொட்டதும் அது நின்றுவிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது இன்ஜின் திணறினால் கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள். சக்கரத்தைக் கையாலோ காலாலோ நிறுத்த முயலக் கூடாது.

காரணத்தை வெளியிலிருந்து தேடத் தொடங்குங்கள். கேபிள் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் லிவரின் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வரை பிளே (கேபிள் இறுகும் முன் லிவர் தளர்வாக அசையும் தூரம்) இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. பிளே கூடினால், பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் போதிய அளவு விலகாது; அறவே இல்லாமல் போனால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். அட்ஜஸ்டரைத் திருகும் முன் ரப்பர் உறையை விலக்கிக் கேபிளின் முனையைப் பாருங்கள். ஓரிரு இழைகள் அறுந்து விரிந்திருந்தால் கேபிளை மாற்றுவதைத் தவிர வழியில்லை. வேறொருவரை லிவரை இழுக்கச் சொல்லி, இன்ஜின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் கையான ரிலீஸ் ஆர்மைக் கவனியுங்கள்: லிவர் கைப்பிடி வரை வந்தும் ஆர்ம் சிறிதே அசைந்தால், இழுப்பைக் கேபிளே விழுங்கிவிடுகிறது. ஹைட்ராலிக் கிளட்சில் லிவர் மெத்தென்று இருந்து, பலமுறை அழுத்தியபின் சரியானால், குழாயில் காற்று புகுந்திருக்கும்.

ஆயிலின் அளவு மிகுந்தாலும், பரிந்துரைத்ததைவிட அது தடித்தாலும் பிளேட்டுகள் ஒட்டும். நெடுநாள் ஓடாத வண்டியிலும் இதே நிலைதான். சற்றுத் தூரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கிளட்ச் கவரைத் திறக்க வேண்டும். ஸ்டீல் பிளேட்டுகளைத் தட்டையான கண்ணாடியின் மீது வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வளைவை அளந்து, கையேட்டின் வரம்போடு ஒப்பிடுங்கள். நீலம் பாய்ந்த பிளேட் அதிகச் சூடு கண்டது. அடுத்து, பிளேட்டுகளைத் தாங்கும் கூடான கிளட்ச் பாஸ்கெட்டின் விரல் போன்ற நீட்சிகளில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் பிரிக்ஷன் பிளேட்டுகள் அதில் சிக்கி நகராமல் நிற்கும். பாஸ்கெட் அப்படித் தேய்ந்திருக்கும்போது பிளேட்டுகளை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பிரஷர் பிளேட்டைத் தள்ளும் புஷ் ராட் வளையாமல் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதிய பிரிக்ஷன் பிளேட்டுகளை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்தே பொருத்துங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். பிளேட் அடுக்கின் உயரம் மாறியிருக்கும் என்பதால் லிவர் பிளேயை மறுபடி அமைத்து, சென்டர் ஸ்டாண்டுச் சோதனையை மீண்டும் செய்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.